நாட்குறிப்பும் நாடாத பயன்களும்

புத்தாண்டு பிறந்ததும் அரசு அலுவலகங்களில் ஒரு சிறு சலசலப்பு எழுவது முன்னாளைய வழக்கம். தடித்த அட்டையும் பட்டு நாடாவும் கொண்ட நாட்குறிப்பேடுகள் கட்டுக்கட்டாய் வந்திறங்கும். பதவியின் உயரத்திற்கு ஏற்ப ஏட்டின் பருமனும் அமையும். எழுத்தர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மனோர்க்குக் கிட்டுவது எப்போதும் மெலிந்த ஏடே. பெற்றவர்களுள் பெரும்பாலோர் அதனைப் பால் கணக்கு எழுதவோ, பிள்ளைகள் படம் வரையவோ வீட்டிற்குக் கொடுத்துவிடுவர். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் நிதியமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்து, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் நாட்காட்டி, நாட்குறிப்பேடு முதலியவற்றை அச்சிடுவதை நிறுத்தியது. அந்த மெலிந்த ஏடும் அத்துடன் நின்றது. அன்றுமுதல் நாம் கடையில் கோடிட்ட கணக்குப் புத்தகம் வாங்கி, தேதியை நாமே எழுதிக்கொண்டு பழக்கத்தைத் தொடர்ந்து வருகிறோம்.

பக்கத்து மேசை நண்பர் ஒருவர். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். நம்மோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர். நண்பகல் உணவு வேளையில் நாம் ஏட்டைத் திறந்து நாலு வரி எழுதுவதைக் கண்டு, "இத்தனை வருசமா எழுதுதீங்களே சார், என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்பது அவர் வாடிக்கை. பல ஆண்டுகள் நாம் சிரித்து மழுப்பியதே மறுமொழி. நாள்தோறும் நாலு வரி எழுதுவதால் சம்பளம் உயர்வதில்லை, புகழும் வருவதில்லை. எனினும், எழுதுகின்றவர் எண்ணிப் பாராத சில்லறை ஆதாயங்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. அவற்றுட் சில எழுதினவருக்கே கிட்டுகின்றன. சில அவர் பேரன் காலத்தில் யாரோ ஒரு வேற்று நாட்டாருக்குக் கிட்டுகின்றன. வரலாற்றில் அப்படி நேர்ந்தவை சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள். 1709ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பிற்கிணங்கப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். பிரெஞ்சுக் கும்பினியின் வாணிபத்தில் வளர்ந்த ஆனந்தரங்கர் தாமும் பெருவணிகரானார். ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு 1747இல் தலைமைத் துபாசி ஆனார். துபாசி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வெள்ளையருக்கும் ஊராருக்கும் இடையே பேச்சு, பணம், சரக்கு, வழக்கு ஆகிய அனைத்தும் அவர் வழியாகவே கடந்தாக வேண்டும்.

இப்பதவி வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் எழுதத் தொடங்கிவிட்டார் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், தமிழ்க் கணக்கில் நள ஆண்டு ஆவணித் திங்கள், ஏடு தொடங்குகிறது. அப்போது அவருக்கு வயது 27. ஆளுநராக இருந்தவர் டூமா; துய்ப்ளேக்சு புதுச்சேரி ஆளுநராக வந்தது 1742இல். காதாற் கேட்டவை, கண்ணாற் கண்டவை, கப்பல்கள் வந்தது போனது, நடக்கும் புதுமைகள் ஆகியவற்றை எழுதிவைப்பதே தம் நோக்கம் என்று பிள்ளையவர்கள் தொடக்கத்தில் சொல்லிக்கொள்கிறார். அதற்குமேல் ஒரு பேராசையும் அங்கே தென்படவில்லை. கப்பல் வந்தால் வெள்ளிப் பணம் வரும்; வெள்ளி வந்தால் துணிக்கு முன்பணம் கொடுக்கலாம்; முன்பணம் கொடுத்தால் தறி ஓடும். வணிகருக்குக் கப்பலின் வருகை மழைக்காலத்து மேகம் போன்றது. ஆகவே அவர் அதனைக் குறித்தார்.

இவ்வாறு 25 ஆண்டுகள், இடையிடையே சில இடைவெளிகள் இருப்பினும், எழுத்து நடந்தது. 1761ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களே முன்பாகப் பிள்ளையவர்கள் காலமானார். தம் வாழ்நாளில் அந்த ஏடுகளால் அவர் பெற்ற ஆதாயம் என்ன? பணமாக ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றைப் புரட்டுவோருக்கு ஓர் உண்மை விளங்கும். ஆளுநர் முன்னிலையில் அவர் பேச்சு மிக மிகப் பணிவானது. வீட்டிற்கு வந்து ஏட்டைத் திறந்தால் அவரே ஒரு நீதிபதி ஆகிவிடுகிறார். துய்ப்ளேக்சின் மனைவியார் ஊர்க் காரியங்களில் தலையிட்டதைப் பற்றி அவர் மனம் வெதும்பி எழுதியவை பல. அவற்றுள் ஒரு சொல்லைக்கூட அவர் வெளியில் உரைத்திருக்க இயலாது. மேலதிகாரியின் அறையில் தலையாட்டிவிட்டு வந்து, தன் நாற்காலியில் அமர்ந்து பெருமூச்சு விடும் எந்த அலுவலருக்கும் அந்தப் பக்கங்களின் அருமை புரியும். நமக்கும் புரிகிறது, அதற்குமேல் இங்கே விரித்துரைப்பது உத்தியோகத்திற்கு நல்லதன்று.

1748ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், நகரின் வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பங்கு பிள்ளையவர்களின் நாட்குறிப்பால் அறிவதே. ஊரார் திரண்டு வந்து முறையிட்டதையும், இடிக்கும் வேலை நடந்த விதத்தையும், தம் மனத்துயரையும் அவர் எழுதுகிறார். ஆளுநருக்கு அணுக்கமானவர் என்று ஊரே கருதிய மனிதர். ஆயினும் இடிபடுவதைத் தடுக்க அவரால் முடியவில்லை. எழுதிவைக்க முடிந்தது. 1743ஆம் ஆண்டுப் பகுதியில், எளிய மக்களை ஏமாற்றிப் பிடித்துச் சென்று அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் அவ்வாறே பதிவாகியுள்ளது. பிடிபட்டவர்களுள் எழுதத் தெரிந்தவர் எத்தனைபேர் இருந்திருப்பர்? அவர்கள் பட்ட பாட்டிற்குத் தமிழில் ஒரு சான்று எஞ்சியிருப்பது, கப்பல் கணக்கெழுதும் பழக்கமுடைய ஒரு வணிகர் அதையும் சேர்த்து எழுதியதால்தான்.

இன்னொரு நுட்பமான பயனும் உண்டு. வரலாற்று நூல்கள் அதனைப் பெரிதாகப் பேசுவதில்லை. தேதிகளோடு மாரடிக்கும் எழுத்தர்களாகிய நமக்கு அது தேன்போல் இனிக்கிறது. பிள்ளையவர்கள் தமிழ் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே குறிப்பார். அந்நாளில் பிரெஞ்சுக்காரர் திருத்திய நாட்காட்டியைப் பின்பற்ற, ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தனர். இரண்டிற்கும் இடையே 11 நாள் வேற்றுமை. 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த நாள், ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. நிகழ்ச்சி ஒன்றே. சென்னைத் தாள்களை மட்டும் படிப்பவரும் புதுவைத் தாள்களை மட்டும் படிப்பவரும் ஒருவரோடு ஒருவர் வாதிட்டு மாய வேண்டியதே. தமிழ்த் தேதிக்கோ எந்த அரசரின் ஆணையும் தேவைப்படவில்லை. இருவர் கணக்கிற்கும் நடுவே அட்சய ஆண்டின் புரட்டாசி அசையாமல் நின்றது. நாள் பார்த்துக் காரியம் செய்யும் தம் வழக்கப்படி எழுதிய அத்தேதிகள், பின்னாளில் இரு பேரரசுகளின் ஆவணங்களை ஒப்புநோக்கத் துணைசெய்யும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். கனவுகளையும் சோதிடர் சொற்களையும் அவர் எழுதத் தவறியதில்லை என்பது வேறு செய்தி.

மொழியின் பக்கம் கிடைத்த ஆதாயமோ இவற்றினும் பெரிது. அவர் எழுதியது புலவர் நடையன்று. பேசியவாறே எழுதிய நடை. பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், பாரசீகம், தெலுங்கு ஆகிய மொழிகளின் சொற்கள் அதில் தாராளமாகப் புழங்குகின்றன. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது 1879இல். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பு, ஒரு கடற்கரை நகரின் கடைத்தெருவிலும் ஆளுநர் மாளிகையிலும் தமிழர் வாய்திறந்து எவ்வாறு பேசினர் என்று அறிய விரும்புவோர் இந்த ஏட்டைத்தான் திறந்தாக வேண்டும். செம்மையாக எழுத வேண்டும் என்று அவர் முயன்றிருந்தால், அந்தப் பேச்சு நமக்குக் கிட்டியிராது. இலக்கணப் பிழையால் நாட்டிற்கு விளைந்த நன்மை என்று இதனைக் கூறினால் தமிழாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஏடுகள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846இல் அர்மான் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். அரியேல் என்ற மற்றொருவர் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ்மூலத்தை அச்சிற் கொணரும் பணியைப் புதுவையில் ஞானு தியாகு அவர்கள் 1948இல் தொடங்கினார். தமிழில் எழுதிய தமிழர் ஒருவரின் ஏடு, ஆங்கிலத்தில் முற்றுப்பெற்று இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தமிழில் அச்சேறத் தொடங்கியது என்பதை நாம் சற்று நாணத்துடனேயே எழுதுகிறோம். பின்னர்ப் பிரபஞ்சன் அவர்கள் அந்த ஏடுகளின் உலகத்திலிருந்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் இரு நாவல்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. கப்பல் வந்து குண்டு போட்ட கணக்கு இருநூறாண்டுகள் கடந்து இலக்கியமாயிற்று.

புதுவையில் இப்பழக்கம் ஒருவரோடு நின்றுவிடவும் இல்லை. பிள்ளையவர்களின் குடும்பத்தில் திருவேங்கடம் பிள்ளை, முத்து விசய திருவேங்கடம் பிள்ளை ஆகியோரும், நகர்க் காவல் பொறுப்பிலிருந்த இரண்டாம் வீரா நாயக்கரும் நாட்குறிப்பு எழுதினர். வீரா நாயக்கரின் ஏடு 1778 முதல் 1792 வரை செல்வது.

கடல் கடந்து செல்வோமாயின், நாட்குறிப்பாளருள் உலகெங்கும் பெயர்பெற்றவர் இலண்டன் மாநகரத்துச் சாமுவேல் பீப்ஸ். இவரும் நம் இனமே. கடற்படை அலுவலகத்தின் எழுத்தர். நம் அலுவலக எழுத்தரைப் போலச் சிறிய பதவியன்று. அதிகாரம் மிக்க பதவி. ஆயினும் கோப்பும் கணக்கும்தான் அவர் தொழில். 1660 சனவரி 1ஆம் நாள் தொடங்கி 1669 மே மாதம் வரை, சுருக்கெழுத்தில் எழுதினார். கண்பார்வை கெட்டுவிடும் என்ற அச்சத்தால் நிறுத்தினார். பார்வை போகவில்லை, 1703 வரை வாழ்ந்தார். வீண் அச்சத்தால் உலகம் இழந்த பக்கங்கள் எத்தனையோ!

மாதக் கடைசியிலும் ஆண்டுக் கடைசியிலும் தம் கையிருப்பு எவ்வளவு என்று பீப்ஸ் கணக்குப் பார்த்து எழுதுவார். 1665இன் கொள்ளைநோயும் 1666இன் பெருந்தீயும் அவர் ஏட்டில் இடம்பெற்றிருப்பதை அறிஞர் பலரும் போற்றுவர். தீ நெருங்கியபோது அவர் தோட்டத்தில் குழி தோண்டித் தம் பாலாடைக்கட்டியைப் புதைத்து வைத்தார் என்ற செய்தியைத்தான் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கின்றனர். 1660 செப்டம்பரில் தாம் முதன்முதலாகத் தேநீர் அருந்தியதையும் அவர் குறித்துள்ளார். நாடெங்கும் தேநீரில் மூழ்கிக் கிடக்கும் இக்காலத்தில், அது சீனத்துப் புதுப்பானமாக ஒருவர் கைக்கு வந்த நாளை அறிவதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

நம்மை மிகவும் கவர்ந்தது இவற்றினும் சிறிய செய்தி. 1662ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கோவென்ட் கார்டன் என்ற கடைத்தெருவில் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைக் கண்டு களித்ததாகப் பீப்ஸ் போகிற போக்கில் எழுதினார். பஞ்ச் என்னும் அந்தக் கோமாளிப் பொம்மை இங்கிலாந்தில் ஆடியதற்குக் கிடைக்கும் முதற் சான்று அதுவே. அவ்விடத்துத் தேவாலயச் சுவரில் அச்செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பொம்மலாட்டக்காரர்கள் மே மாதத்தில் அங்கே கூடி அந்தப் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதை 1975 முதல் வழக்கமாக்கினர். நம் ஊர்த் திருவிழாக்களில் அரிச்சந்திரனையும் நல்லதங்காளையும் மரப்பாவைகளாய் ஆட்டிய கலைஞர் எத்தனை தலைமுறையினர்! இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன ஆட்டம் கண்டோம் என்று பார்வையாளர் ஒருவர் அன்றிரவே ஒரு வரி எழுதிவைத்திருந்தால், அவர்களுக்கும் கொண்டாட ஒரு நாள் இருந்திருக்கும்.

பீப்ஸ் தம் நூலகத்தைக் கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரிக்கு விட்டுச் சென்றார். நாட்குறிப்பும் அதனுள் சென்றது. 1819இல் ஜான் ஸ்மித் என்ற இளைஞரிடம் அதன் சுருக்கெழுத்தைப் பிரித்தெழுதும் வேலை ஒப்படைக்கப்பட்டது. மூன்றாண்டு காலம் அவர் அல்லும் பகலும் முயன்று முடித்தார். அச்சுருக்கெழுத்து முறையை விளக்கும் ஷெல்டன் என்பவரின் கையேடு அதே நூலகத்தில் அலமாரியில் இருந்தது. அவருக்கு அது தெரியாது. ஒரு கோப்பைத் தேடி நாற்பது கோப்புகளைப் புரட்டிய பின், அது தம் மேசையிலேயே இருக்கக் கண்ட எவரும் ஸ்மித்துக்காக இரங்குவர்.

சப்பானியர் இத்துறையில் நம்மை வெட்கப்பட வைப்பவர்கள். கியோத்தோ நகரின் அரசவையினரும் துறவியரும் தத்தம் நாட்குறிப்புகளில், இந்த ஆண்டு செர்ரி மரங்கள் இன்ன நாளில் முழுதும் மலர்ந்தன, விருந்து நடந்தது என்று எழுதிவந்தனர். ஒசாகா ஆய்வாளர் யசுயுகி அவோனோ அக்குறிப்புகளைத் திரட்டி, கி.பி. 812ஆம் ஆண்டு முதலான பூப்பு நாட்களின் பட்டியலை உருவாக்கினார். 2021இல் மார்ச் 26ஆம் நாளே மரங்கள் முழுமையாக மலர்ந்துவிட்டன; அப்பட்டியலில் அவ்வளவு முந்திய நாள் அதற்குமுன் இல்லை. வெப்பமானி தோன்றுமுன் வாழ்ந்த மாந்தர் விருந்துண்ட மகிழ்ச்சியில் எழுதியவை, புவி வெப்பமாதலை அளக்கும் கருவியாயின. பூஜிவாரா நோ தெய்க்கா என்ற சப்பானியக் கவிஞர் 1230இல் வானில் புதிதாகத் தோன்றிய ஒன்றைக் கண்டு, முற்காலத்தில் இவ்வாறு தோன்றிய விண்மீன்கள் எவையென்று வானநூலாரிடம் கேட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அப்பட்டியலில் 1054ஆம் ஆண்டு வெடித்த விண்மீனும் உண்டு. இன்று நண்டு நெபுலா என்று வானியலார் அழைப்பது அதன் சிதறலே.

இத்தகைய பெரியோர் வரிசையில் நம் கணக்குப் புத்தகத்தை வைப்பது மலைக்கும் மடுவுக்கும் ஒப்புச் சொல்வதாகும். எனினும் நண்பரின் கேள்விக்கு மறுமொழி அதிலிருந்துதான் வந்தது. ஆதலின் சொல்லியாக வேண்டும்.

நமக்கு இப்பழக்கம் தந்தையாரிடமிருந்து வந்தது. கும்பகோணத்திற்கு அருகே சிற்றூரில் அவர் வைத்திருந்த மளிகைக் கடைக் கணக்கில், பற்றுவரவுக்கு அடியில் அன்றைய மழையையும் வந்துபோன உறவினரையும் ஒரு வரியில் குறிப்பார். "மனசு மறந்துடும்டா, காகிதம் மறக்காது" என்பார். பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிய காலத்தில் நாமும் தொடங்கினோம். செலவுக் கணக்குதான் முதன்மை; நடந்தவை அதற்குத் துணை. இல்லறம் தொடங்கிய பின் அதன் சில்லறைப் பயன்கள் தெரியலாயின. எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது, குளிர்சாதனப் பெட்டி வாங்கிய நாள் எது, அதன் உத்தரவாதம் முடிந்ததா, மாமனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்கு யார் என்ன மொய் எழுதினர் என்பன போன்ற வழக்குகளில் நம் இல்லத்தரசியார் ஏட்டின் தீர்ப்பை ஏற்றுக்கொள்வார். நம் சொல்லை ஏற்பதில்லை.

2004ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாளும் அதன் பின்னரும் நடுவண் அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, படைத்துறையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்த்து முதலீடு செய்யும் புதிய திட்டம் வந்தது. நாமும் நண்பரும் பணியேற்றது 2004 ஆகஸ்டில். சில திங்கள் வேறுபாட்டில், முதுமைக் காலத்தில் உறுதியான தொகை என்ற நிழல் நம்மைவிட்டு அகன்றது. மூத்த அலுவலர்கள் ஓய்வுபெறும் விழாக்களில் மாலையைக் கையில் ஏந்தி நிற்கும்போதெல்லாம் அந்த எண்ணம் நெஞ்சில் வந்து குத்தும்.

2023 மார்ச் 3ஆம் நாள் ஓய்வூதியத் துறை ஓர் ஆணை வெளியிட்டது. புதிய திட்டம் அறிவிக்கப்பட்ட 2003 டிசம்பர் 22ஆம் நாளுக்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பணியிடத்திற்குத் தேர்வாகி, 2004இலோ அதன் பின்னரோ சேர்ந்தவர்கள், ஒருமுறை மட்டும் பழைய திட்டத்திற்கு மாற விருப்பம் தெரிவிக்கலாம். 2023 ஆகஸ்டு 31ஆம் நாளே கடைசி. அலுவலகம் முழுதும் ஒரே பேச்சு. நம்மோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: நம் தேர்விற்கு விளம்பரம் வந்தது எப்போது? இருபது ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாளில் வந்த தேதி யார் நினைவில் இருக்கும்? பணி ஆணையில் தேர்வு முடிவு மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. பழைய கோப்பு, அலுவலகம் கட்டடம் மாறியபோது எங்கோ சென்று ஒடுங்கிவிட்டது. டிசம்பருக்கு முன்பு என்று சிலர் சொன்னார்கள். பொங்கல் சமயம் என்று நண்பர் அடித்துச் சொன்னார். பொங்கல் என்றால் எல்லாம் முடிந்தது.

அன்றிரவு பரண்மேல் ஏறினோம். 2003ஆம் ஆண்டு ஏடு கரையான் தொடாமல் கிடைத்தது. தீபாவளிக்கு முந்தைய வாரத்துப் பக்கம் ஒன்றில், நல்லெண்ணெய், தம்பிக்கு வெடி, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றின் நடுவே, எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் வார இதழ் வாங்கிய செலவும், எழுத்தர் தேர்வு விளம்பரம் கண்டு விண்ணப்பம் எழுதத் தொடங்கியதும் அரை வரியில் இருந்தன. கை நடுங்கியது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும், ஆனால் நடுங்கியது.

மறுநாள் அந்த ஏட்டைப் பிரிவு அலுவலரிடம் காட்டினோம். அவர் நல்லவர், படித்துச் சிரித்தார். "இதை எப்படி ஐயா கோப்பில் வைப்பது?" என்றார். அவர் கூற்று முற்றிலும் சரியே. தன் கைப்பட எழுதிய வரி தனக்கே சான்றாக முடியாது. ஆனால் எந்த வாரத்து இதழைத் தேட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தலைநகரின் நூலகம் ஒன்றில் பழைய இதழ்களின் கட்டுகளை இரண்டு சனிக்கிழமைகள் புரட்டினோம். நண்பரும் உடன் வந்து தும்மிக்கொண்டே புரட்டினார். விளம்பரம் அகப்பட்டது. அதன் நகலை இணைத்து நால்வர் விருப்பக் கடிதம் கொடுத்தோம். வேற்றூர்களுக்கு மாறிச் சென்றிருந்த தோழர் இருவருக்கும் நகல் அனுப்பினோம். காலக்கெடுவுக்கு 11 நாள் இருந்தது. பின்னர் ஆணையும் வந்தது.

அந்தப் பக்கத்தை மீண்டும் பலமுறை படித்துவிட்டோம். விளம்பரத்திற்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறோம். மீதி முழுதும், அம்மா பிசைந்த முறுக்கு மாவில் உப்பு கூடிவிட்டதும், தந்தையார் அதனைக் கடைக்கு வந்தவர்க்கெல்லாம் சொல்லிச் சிரித்ததும், மாலையில் பெய்த ஐப்பசி மழையில் பேருந்து ஒருமணி நேரம் நின்றதும்தான். தந்தையார் 2011இல் மறைந்தார். முறுக்குச் செய்தி நம் நினைவிலிருந்து முற்றும் அகன்றிருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினோம். உப்புக் கூடியது தம் பிழையன்று, சித்தி இரண்டாம் முறை போட்டுவிட்டாள் என்று இருபது ஆண்டுகள் கழித்து விளக்கம் தந்தார். அதையும் எழுதிக்கொண்டோம்.

நண்பர் இப்போது என்னத்தக் கண்டீங்க என்று கேட்பதில்லை. சென்ற மாதம் ஒருநாள் மேசையருகே வந்து தயங்கி நின்றார். அவர் மூத்த மகள் பிறந்த இரவு, தானியங்கி வண்டி கிடைக்காமல் நாமும் உடன் ஓடிய இரவு, மகள் பள்ளிக்கட்டுரைக்காகக் கேட்கிறாளாம்: அன்று மழை பெய்ததா என்று. 2009ஆம் ஆண்டு ஏட்டை எடுத்து வந்து காட்டினோம். மழை இல்லை. மின்சாரம் இல்லை, வண்டிக் கட்டணம் 60 ரூபாய், குழந்தை பிறந்தது விடியற்காலை 4 மணி 10 நிமிடம், மருத்துவமனை வாசலில் நண்பர் நம் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை அவர் ஒரு துண்டுத்தாளில் படியெடுத்துக்கொண்டு போனார்.